வலிக்காது டாக்டரின் ஒரே பதவிக்காலம்

தன்னை மறுத்துப் பேச ஊரில் ஆள் உண்டு என்பதே பல் டாக்டருக்குத் தெரியாது. கடைத்தெரு முனையில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய கிளினிக். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, "வலிக்காது, வலிக்காது" என்றபடியே வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் விட்டுவிட்டால் போதும், நாட்டு நடப்பை ஆரம்பித்துவிடுவார். வரி, பள்ளிக்கூடம், வெளியுறவு, குப்பை அள்ளுவது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. "நான் சொல்றது சரிதானே?" என்று நடுநடுவே கேட்பார். வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருப்பவர் "ம்ம்" என்பார். வலியில் முனகினாலும் அதுவும் "ம்ம்" என்றுதான் கேட்கும். பல வருஷமாக இந்த "ம்ம்"களைக் கேட்டுக் கேட்டு, ஊரே தன் பக்கம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அவர் மனைவியும் பல் டாக்டர்தான். பக்கத்து அறையில் இருந்துகொண்டு, வேண்டியதை மட்டும் பேசி, வேலையை முடித்து அனுப்புவார். அந்த அறை வாசலில்தான் கூட்டம் அதிகம். அது ஏன் என்று கணவர் யோசித்ததில்லை.

"நான் தேர்தல்ல நின்னா என்ன?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். "பேசிப் பாத்தேன். எல்லாருக்குமே சம்மதம்."

"வாயில பஞ்சை வச்சுட்டுக் கேட்டா எல்லாரும் 'ம்'னுதான்ங்க சொல்லுவாங்க" என்றார் மனைவி.

அவர் சிரித்தார். மனைவி நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து ஆளுங்கட்சித் தலைவர் ஊருக்குக் கூட்டம் பேச வந்தார். மேடை ஏறுவதற்குச் சற்று முன்னால் கடைவாய்ப் பல் அவரைப் பிடித்துக்கொண்டது. கன்னத்தில் கை வைத்தபடி நாட்டு மக்களுக்கு நம்பிக்கையூட்ட முடியாது என்பதால், அள்ளிக்கொண்டு வந்து செருப்புக் கடை மாடியில் ஏற்றினார்கள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் தோண்டி, மருந்து வைத்து அடைக்கும்வரை மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். கடைசியில், "நான் நின்னா ஜெயிப்பேன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

"ம்ம்" என்றார் தலைவர்.

உண்மையில் தலைவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அந்தத் தொகுதியில் கட்சிக்குள் இரண்டு கோஷ்டிகள் சீட்டுக்காக அடித்துக்கொண்டிருந்தன. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் கட்சி அலுவலகக் கண்ணாடியை உடைப்பார். எந்தக் கோஷ்டிக்கும் நெருக்கமில்லாதவராக, யாரோடும் பகையில்லாதவராக ஒரு ஆளைத் தலைவர் தேடிக்கொண்டிருந்தார். தேடிய ஆள் கையில் இடுக்கியோடு எதிரே நின்றார். கன்னத்து மரப்பு முழுசாகத் தெளிவதற்குள் வேட்பாளர் முடிவாகிவிட்டார்.

பிரச்சாரத்தை டாக்டருடைய மனைவியின் தம்பி எடுத்து நடத்தினான். இந்த மச்சினனுக்கு நிலையான தொழில் என்று எதுவும் கிடையாது. எந்தக் கட்சி ஊர்வலமானாலும் முன்வரிசையில் இருப்பான், எந்தப் போட்டோவானாலும் ஓரத்தில் சிரிப்பான். "அத்தான், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கும்பிட்டுட்டே வாங்க, போதும்" என்று அவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். "வலிக்காது" என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு ஊர் பூராவும் சுவரொட்டி ஒட்டினான். டாக்டருக்கோ கும்பிடும்போதும் கண் எதிராளியின் பல்வரிசையில்தான் நின்றது. ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளிலெல்லாம் பெண்களும் ஆண்களும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்கள். இவ்வளவு மரியாதையா என்று அவர் உருகினார்.

ஒரே ஒரு வாக்குறுதியை மட்டும் அவர் மனசாரக் கொடுத்தார். ஊர்ப் பொது மருத்துவமனையில் பிரசவ வார்டின் கூரை இடிந்து விழுந்து வெகுநாளாகிவிட்டது. நடைபாதையில் கட்டிலைப் போட்டு, சுற்றிலும் போர்வையைக் கட்டி, அதற்குள்தான் பெண்கள் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர்கள் இருமிக்கொண்டே போவார்கள். "நான் ஜெயிச்சா முதல் வேலை புது வார்டுதான்" என்றார் டாக்டர். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் யார் பல்லையும் பார்க்கவில்லை.

ஜெயித்தும் விட்டார். சீட்டுக் கிடைக்காத இரண்டு கோஷ்டித் தலைவர்களும் சுயேச்சையாக நின்று ஒருவர் ஓட்டை ஒருவர் தின்றது ஒரு காரணம். இவரைத் தலைநகருக்கு அனுப்பிவிட்டால் கிளினிக்கில் டாக்டரம்மா மட்டும் இருப்பார் என்று ஜனங்கள் போட்ட கணக்கு இன்னொரு காரணம். முதல் காரணத்தைப் பத்திரிகைகள் எழுதின. இரண்டாவதை எல்லாரும் அறிந்திருந்தார்கள், எழுதவில்லை.

நாடாளுமன்றத்தில் அவருக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம். அங்கிருந்து சபாநாயகரின் ஒரு காது மட்டும் தெரியும். முதல்நாளே கட்சிக் கொறடா வந்து கை குலுக்கினார். கொறடா என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டருக்குப் பல் பிடுங்கும் குறடுதான் ஞாபகத்துக்கு வந்தது. போகப் போக, வேலையிலும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று புரிந்தது.

"டாக்டர், ரொம்ப சுலபம்" என்றார் கொறடா. "நான் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினா 'ஆம்'னு கத்துங்க. துடைச்சா 'இல்லை'. கைக்குட்டையை எடுத்தா எல்லாரும் எழுந்து வெளிநடப்பு. தலைவர் பேசினா மேசையைத் தட்டணும்."

"மசோதாவை எப்ப படிக்கிறது?"

கொறடா அவரைப் பரிவோடு பார்த்தார். "புதுசு இல்ல நீங்க? சரியாயிடும்."

ஒருநாள் கொறடாவுக்குக் கடுமையான ஜலதோஷம். குடிநீர் மசோதா விவாதத்தின் நடுவில் தும்மல் வர, கைக்குட்டையை எடுத்தார். ஆளுங்கட்சி முழுக்க, அமைச்சர்கள் உட்பட, எழுந்து வெளியே போய்விட்டது. தங்கள் மசோதாவை எதிர்த்துத் தாங்களே வெளிநடப்பு செய்ததை நடைபாதையில் நின்றுதான் உணர்ந்தார்கள். மூக்கைச் சிந்தி முடித்துத் திரும்பிய கொறடா காலி வரிசைகளைப் பார்த்துக் கண் கலங்கினார். மறுநாள் பத்திரிகைகள் இதை ஜனநாயகத்தின் உச்சம் என்று பாராட்டியதால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஊருக்குப் போன் போடும்போதெல்லாம் மனைவி கேட்பார், "வார்டு பத்திப் பேசினீங்களா?"

"இன்னும் வாய்ப்பு வரல."

வந்தது. இரண்டு நிமிஷம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். வாடகை அறையின் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று டாக்டர் ஒத்திகை பார்த்தார். சபையில் எழுந்து, கட்சி விதிப்படி முதலில் தலைவருக்கு நன்றி சொன்னார், தலைவரின் தொலைநோக்குக்கு நன்றி சொன்னார், அந்தத் தொலைநோக்கைப் பெற்றெடுத்த தலைவரின் தாயாருக்கு நன்றி சொன்னார். "எங்கள் ஊர் மருத்துவமனையில்" என்று ஆரம்பித்தபோது மணி அடித்து மைக் அணைந்தது. அவர் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்ததை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்த மனைவி, அன்றைக்கு முதல்முறையாக அவருக்காகப் பரிதாபப்பட்டார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்று டாக்டருக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஏதாவது கருத்துச் சொன்னால் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியும். பழைய நோயாளிகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். முகம் சூடாகும்.

பதவிக்காலத்தின் கடைசிப் பகுதியில் கூட்டணிக் கட்சி ஒன்று கழன்றுகொள்ள, ஆட்சி நூலில் தொங்கியது. நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தது. உறுப்பினர்களை எதிரணி இழுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க, தலைநகருக்கு அருகே மலையடிவாரத்தில் ஒரு சொகுசு விடுதியில் எல்லாரையும் அடைத்தார்கள். செல்போன்களைக் கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாட்டின் சட்டங்களை இயற்றுகிறவர்கள் நீச்சல் குளத்தைச் சுற்றிலும் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து, வாசலில் காவலுக்கு நின்றவனிடம் "கொஞ்சம் வெளியே போய் நடந்துட்டு வரலாமா தம்பி?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

வாக்கெடுப்பு நாள் காலையில் தலைவரின் கன்னம் வீங்கிவிட்டது. பழைய கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்துப் பல். வெளி டாக்டரைக் கூப்பிட்டால், தலைவருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி பரவி நாலு பேர் கட்சி மாறிவிடுவார்கள். விடுதியில் அனல்மேல் நிற்பவர்போலத் தவித்துக்கொண்டிருந்த கொறடா ஓடிவந்து டாக்டரின் கையைப் பிடித்தார். அந்தச் சமயம் தலைநகருக்கு வந்திருந்த மச்சினன், உறுப்பினரைப் பார்க்க வருவதுபோல, டாக்டரின் வாடகை அறையிலிருந்து கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தான்.

குளக்கரைச் சாய்வு நாற்காலி ஒன்றை அறைக்குள் இழுத்துப் போட்டுத் தலைவரைப் படுக்க வைத்தார்கள். ஒரு பாதுகாவலர் டார்ச் அடித்தார். ஊசி போட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, ஓரத்தில் பஞ்சை அடைத்த பிறகு, டாக்டரின் கை ஒரு கணம் நின்றது.

"ஐயா, நான் கொஞ்சம் பேசணும்" என்றார். "வேலையும் நடக்கட்டும்."

பேசினார். போர்வைக்குள் நடக்கும் பிரசவங்களைச் சொன்னார். போன மழைக்காலத்தில் ஒருத்தி கட்டிலிலேயே நனைந்து நடுங்கியதைச் சொன்னார். குழந்தையைத் துடைக்கத் துணி இல்லாமல் நர்ஸ் தன் சால்வையைக் கொடுத்ததைச் சொன்னார். தான் படிக்காமல் 'ஆம்' சொன்ன மசோதாக்களைச் சொன்னார். தொலைநோக்கைப் பெற்றெடுத்த தாயாருக்கு நன்றி சொன்னதில் தன் இரண்டு நிமிஷமும் போனதைச் சொன்னார். குரல் உயரவில்லை, கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு படுத்திருந்தார். சரிதானே என்று டாக்டர் இந்தத் தடவை கேட்கவில்லை.

பஞ்சை எடுத்ததும் தலைவர் வாய் கொப்பளித்தார். "நல்லா சொன்னீங்க, டாக்டர்" என்றார், பாதி மரத்த உதட்டோடு. "அந்தச் சால்வை விஷயம் ரொம்ப நல்லா இருக்கு."

அன்று பிற்பகல் சபையில் தலைவர் எழுந்தார். வாயின் ஒரு பக்கம் இன்னும் மரத்திருந்ததால் வார்த்தைகள் மெதுவாக, தட்டுத் தடுமாறி வந்தன. கேட்டவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். போர்வைக்குள் பிள்ளை பெறும் பெண்களைப் பற்றிச் சொன்னார். நனைந்த கட்டிலைச் சொன்னார். சால்வையைச் சொன்னபோது எதிர்க்கட்சி வரிசையில்கூட ஒருவர் கண்ணைத் துடைத்தார். "இந்த அவலத்தைப் போக்க, நவீனப் பிரசவ வார்டு ஒன்று உடனடியாகக் கட்டப்படும்" என்று அறிவித்தார்.

டாக்டர் மேசையைத் தட்டினார். உள்ளங்கை எரியும் அளவுக்குத் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வாக்கியத்தின் மிச்சப் பகுதி காதில் விழுந்தது. வார்டு தலைவருடைய சொந்த ஊரில். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. புதியது அதற்கு எதிர்ப்புறம் வருமாம்.

ஆட்சி தப்பித்தது.

அடுத்த வாரம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மச்சினன் ஒரு நன்றி அறிவிப்புக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தான். யாருக்கு நன்றி, எதற்கு நன்றி என்று பேனரில் போடவில்லை. பாதிக் கூட்டத்தில், காய்கறிக் கடை வைத்திருக்கும் பெண்மணி எழுந்து நின்றார். அவருடைய மகள் அப்போதுதான் மாசமாகியிருந்தாள்.

"எம்.பி. சார், நம்ம வார்டு எங்க போச்சு?"

மச்சினன் காதோரம் குனிந்தான். "பரிசீலனையில இருக்குன்னு சொல்லுங்க அத்தான். அது எப்பவுமே உண்மைதான்."

டாக்டர் மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தார். பொய் சொல்ல வாயைத் திறந்தவருக்கு, சபையில் ஒலியில்லாமல் அசைந்த தன் வாய் ஞாபகம் வந்தது.

"தலைவர் ஊருக்குப் போச்சும்மா" என்றார். "அவர் அறிவிச்சப்போ நான்தான் மேசையைத் தட்டினேன். நம்ம ஊருக்குன்னு நினைச்சுத் தட்டிட்டேன்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அது பரவி, நாற்காலிகள் ஆட ஆடச் சிரித்தார்கள். கைதட்டினார்கள். தான் ஜோக் அடிக்கவில்லை என்று டாக்டர் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. காய்கறிக்காரம்மா மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தார்.

யாரோ எடுத்த வீடியோ மறுநாளைக்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. 'உண்மை பேசும் எம்.பி.' என்றார்கள். அவர் மேசை தட்டும் காட்சியைப் பாட்டோடு சேர்த்து ஓட்டினார்கள். எதிர்க்கட்சி அவருக்குப் பூங்கொத்து அனுப்பியது.

பூங்கொத்து வந்த செய்தி எட்டியதும் தலைவர் கூப்பிட்டனுப்பினார். டாக்டர் போகும்போதே நீக்கத்துக்குத் தயாராகப் போனார். தலைவரோ எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"பிரமாதம், டாக்டர். கட்சியோட நேர்மைக்கு நீங்கதான் இப்ப முகம். இனிமே ஒவ்வொரு உறுப்பினரும் அவங்கவங்க ஊர்ல போய் ஒரு உண்மையைச் சொல்லணும்னு முடிவு பண்ணியிருக்கோம். என்ன உண்மைன்னு ஆபீஸ்ல சரிபார்த்துக் கொடுத்துடுவாங்க."

ஓரத்தில் நின்ற கொறடா, "பாதிப் பேரு தங்களோட உண்மையை இன்னும் அனுப்பல தலைவரே" என்று முறையிட்டார்.

"அடுத்த தேர்தல்லயும் உங்களுக்குத்தான் சீட்டு" என்றார் தலைவர். "இந்தத் தடவை மந்திரி."

டாக்டர் மந்திரி ஆசை இல்லாதவர் அல்ல. கொடி கட்டிய கார் செருப்புக் கடை வாசலில் வந்து நிற்பதை அவர் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். இப்போதும் அது மனதில் ஒரு சுற்றுச் சுற்றியது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டார், "எங்க ஊர் வார்டு?"

தலைவர் சிரித்தார். "அதைக் கட்டிட்டா அடுத்த தேர்தல்ல எதைச் சொல்லி ஓட்டுக் கேப்பீங்க?"

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் புதியவருக்குச் சொல்லித் தருகிற அக்கறை அந்தக் குரலில் இருந்தது. அதுதான் டாக்டரைத் தைத்தது.

"எனக்கு அடுத்த தேர்தல் வேண்டாம் ஐயா" என்றார். "வார்டைக் கொடுத்துடுங்க."

தலைவர் அவரை நிஜமாகவே பயத்தோடு பார்த்தார். பதவி கேட்பவனைச் சமாளிக்கலாம், பணம் கேட்பவனைச் சமாளிக்கலாம். எதுவும் வேண்டாம் என்கிறவன் நாளைக்குப் பூங்கொத்து அனுப்பியவர்களோடு போய் உட்கார்ந்தால் எதைக் காட்டித் திரும்ப அழைப்பது? இப்படி ஒருத்தன் சபையில் இருப்பது மற்றவர்களுக்கும் தொற்றலாம். கொறடா தன்னையறியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி" என்றார் தலைவர் கடைசியில். "கட்டித் தர்றோம். நீங்க எந்தப் பக்கமும் நிக்கக் கூடாது. சீட்டு உங்க மச்சினனுக்கு."

ஊர் திரும்பும் ரயிலில் டாக்டருக்குப் பெருமையாக இருந்தது. பாதி வழியில் அந்தப் பெருமை இறங்கிப்போய், கொடி கட்டிய கார் மறுபடி வந்தது. அவசரப்பட்டுவிட்டோமோ என்று வாய்விட்டே சொன்னார். எதிர் இருக்கைக்காரர் "என்ன சார்?" என்றார். ஒன்றுமில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வார்டை வேகமாகக் கட்டினார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவர், பச்சைத் திரை, கூரையில் சொட்டாத சிமெண்டு. கல்வெட்டில் தலைவர் பெயர் பெரிதாகவும், வேட்பாளரான மச்சினன் பெயர் அதைவிடச் சற்றுச் சிறியதாகவும் இருந்தன. டாக்டர் பெயர் இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று மனைவி சொன்னார். "விடு" என்றார் அவர். கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் சொன்னார்.

திறப்பு விழாவில் அவர்களுக்கு மூன்றாவது வரிசை. வாசலின் குறுக்கே நாடா கட்டியிருந்தது. மச்சினன் மேடையில் தலைவருக்கு நன்றி சொன்னான், அவருடைய தொலைநோக்குக்கு நன்றி சொன்னான், அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருந்தான். அவனுடைய மைக்கை அணைக்க அங்கே யாரும் இல்லை.

அப்போது காய்கறிக்காரம்மா பந்தலின் ஓரமாக ஓடிவந்து டாக்டரம்மாவின் தோளைத் தொட்டார். முகமெல்லாம் வேர்வை. "பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. முன்வாசல் வழியா விட மாட்டேங்கிறாங்க. நாடா வெட்டணுமாம்."

டாக்டரம்மா செருப்பைக்கூடப் போடாமல் எழுந்தார். டாக்டரும் பின்னாலேயே ஓடினார். கட்டிடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு கதவு இருந்தது. புதுப் பூட்டு மாட்டப்படாமல் தாழ் மட்டும் போட்டிருந்தது. டாக்டர் தாழை இழுத்து, தன்னால் மூடிக்கொள்ளும் அந்தக் கதவை முதுகால் தாங்கி நின்றார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த ஊழியர் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் வயித்தை உள்ள இழுங்க சார்" என்றார்.

டாக்டர் வயிற்றை எக்கிக்கொண்டார். மகள் அவரைக் கடந்து உள்ளே போனாள், கூடவே நர்ஸும், தாயும், வெறுங்காலோடு அவர் மனைவியும். முன்பக்கத்தில் பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை, நாடாவும் வெட்டப்படவில்லை. நர்ஸ் திரும்பி வந்து, இன்னொரு கட்டில் வருகிறது, கதவை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவர் காலை நன்றாக ஊன்றி, முதுகை இன்னும் அழுத்தமாகக் கதவில் சாய்த்துக்கொண்டார்.